யாரும் கேட்காத மூன்று வருட வருமானம்

1

சித்திரை பிறக்க ஒரு கிழமை இருக்கும்போது சுதனின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சுதன் என் மனைவி வசந்தியின் தம்பி. மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறான். அங்கே தபால் ஒழுங்காகக் கைக்கு வராது என்று தன் கடிதங்களையெல்லாம் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரிக்கே போடச் செய்திருக்கிறான். உறையைத் தொட்டதுமே என்ன கடிதம் என்று எனக்கு விளங்கிவிட்டது. போன வருடம் நீ உழைத்தது இவ்வளவு என்று வரித் திணைக்களம் எழுதி அனுப்பும் பேப்பர். எங்கள் ஆட்கள் அதை ‘அசெஸ்மென்ட்’ என்பார்கள்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு, ஒரு வருமானவரிக் கடிதத்துக்கு ஏன் இந்த மனுசன் இப்படித் துள்ளுகிறான் என்று இருக்கும். அது மூன்றாவது பேப்பர். மூன்று வருடமும் மூன்று மாதமும் நாங்கள் அதற்காகத்தான் காத்திருந்தோம். ஒரு தை மாதத்தில் சுதன் சாவகச்சேரிக்குப் போய் சுகந்திக்குத் தாலி கட்டினான். அவனுக்கு அப்போது நாற்பது, அவளுக்கு முப்பத்தைந்து. மூன்று கிழமை சேர்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவளை இங்கே கூப்பிட வேண்டுமானால், அரசாங்கம் கீறியிருக்கும் கோட்டுக்கு மேலே தொடர்ந்து மூன்று வருடம் வருமானம் காட்ட வேண்டும். அப்படி அவனுக்குச் சொன்னவன் நான்.

வேலைத்தலத்துக்கே போன் அடித்து, பேப்பர் வந்துவிட்டது என்றேன். பின்னால் வெயார்ஹவுஸின் இரைச்சல் கேட்டது. அவன் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போனான். பிறகு, “அத்தான், இனிப் போடலாம்தானே?” என்றான். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் குறிப்பையே தொடங்கினேன்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம். ஜன்னல் கண்ணாடி செய்கிற தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஆனால் ஸ்காபரோவில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ‘ஃபோர்ம் அண்ணை’. பாஸ்போர்ட், அரசாங்கம் தருகிற பிள்ளைக்காசு, ஹெல்த் கார்ட், எதற்கும் ஃபோர்ம் நிரப்ப என்னிடம் வருவார்கள். காசு வாங்கமாட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு, “உதில கையெழுத்து வையுங்கோ, உதை வெறுமையா விடுங்கோ” என்று சொல்வதில் உள்ள சுகமே போதும். தொழிற்சாலையில் பதினெட்டு வயதுப் பொடியன் கூட என் ஆங்கிலத்தைத் திருத்துவான். இங்கே, என் சாப்பாட்டு மேசையில், நான் அதிகாரி.

இந்தப் பட்டம் எனக்கு வந்தது என் அப்பா அம்மாவை நானே ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டபோது. சட்டத்தரணி, ஏஜென்சி என்று யாரிடமும் போகவில்லை. அதற்கு மூன்று வருட வருமானம் கேட்டார்கள். ஒரு வருடம் கொஞ்சம் குறைந்துபோய்த் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன். அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். குடும்பத்தில் எத்தனை பேர் என்றால் எவ்வளவு வேண்டும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

சுதன் கலியாணம் முடித்து வந்தபோது ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் நின்றான். பாதிச் சம்பளம் செக், மீதி கையில் காசு. எங்கள் ஆட்களில் பலர் தொடங்குவது அப்படித்தான். கையில் காசு வாங்கினால் வரி இல்லை, ஆனால் பேப்பரில் நீ அரைப் பிச்சைக்காரன். அவனுடைய பழைய அசெஸ்மென்ட்டைப் பார்த்துவிட்டு நான் சிரித்தேன். “உதைக் கொண்டுபோய்க் குடுத்தா அவங்கள் பெண்சாதியை இல்லை, பூனையைக் கூடக் கூப்பிட விடமாட்டாங்கள்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சுதனும் சிரித்தான்.

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது உண்மை. தாய் தகப்பனுக்கும் மனைவிக்கும் ஒரே சட்டமா? அந்தக் கிழமை லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியிடம் போனில் கதைத்தபோது கேட்டேன். ஓம் அண்ணை, பெண்சாதியைக் கூப்பிட வருமானம் காட்டத்தான் வேணும், நான் அதுக்காக ரெண்டு வேலை செய்தனான் என்றான். சந்தேகம் தீர்ந்தது. எங்கள் சனம் ஆறு நாட்டில் சிதறிக் கிடந்தாலும் ஒரே முற்றத்தில் இருப்பது போலத்தான் கதைத்துக்கொள்கிறோம். அவன் சொன்னது அவன் நாட்டுச் சட்டம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

சுதன் குசினியை விட்டுவிட்டு, முழுச் சம்பளமும் செக்கில் தருகிற வெயார்ஹவுஸுக்குப் போனான். முதல் வருடம் முடிய, ஊருக்கு ஒரு மாதம் போய் வரவா என்று கேட்டான். சம்பளமில்லாத லீவு எடுத்தால் வருடக் கணக்கு விழுந்துவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று மறித்தவனும் நான்தான். அவன் போகவில்லை. போன ஆவணியில் இருந்து சுகந்தி ஒழுங்காகக் கதைப்பதில்லை. பத்துத் தரம் போன் அடித்தால் ஒரு தரம் எடுப்பாள், அதுவும் சாப்பிட்டாச்சு, மழை பெய்யுது என்று இரண்டு வார்த்தை. காத்திருந்து வெறுத்துவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். சுதன் தன் வருமானம் போதாமல் போய்விடுமோ என்று பயந்து, சனி ஞாயிறில் ஒரு மண்டபத்தில் மேசை கதிரை அடுக்கும் வேலையும் எடுத்துக்கொண்டான்.

3

பேப்பர் வந்து அடுத்த நாள், சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் கடுதாசிகளைப் பரப்பினேன். மூன்று வருமானப் பேப்பர், கலியாணப் படங்கள், பதிவுத் திருமணச் சான்றிதழ். கூடவே ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதியிருந்தேன். அதில் பிழை பார்க்கச் சொல்லி மகள் நிலானியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இருபது வயது. என்னோடு ஒரு மேசையில் இருந்து ஐந்து நிமிடம் கதைத்துப் பல மாதம் ஆகிறது. யூனிவர்சிட்டி, பார்ட்-டைம் வேலை, காதில் எப்போதும் எதையோ செருகியிருப்பாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அது இரண்டு பேருக்கும் பழகிப்போய்விட்டது.

கடிதத்தை வாசித்துவிட்டு, இந்த வருமானக் கதை எதற்கு என்று கேட்டாள். சட்டம் என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் என்னிடம் சட்டம் எங்கே என்று கேட்க ஒரு ஆள். லப்டொப்பை எடுத்துக் குடிவரவுத் திணைக்களத்தின் வழிகாட்டியைத் திறந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது அவள் காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள்.

“அப்பா, திஸ் இன்கம் டேபிள் இஸ் ஃபோர் பேரண்ட்ஸ். அப்பம்மா, அப்பப்பா மாதிரி ஆக்களுக்கு. வைஃபுக்கு இன்கம் லிமிட் இல்லை.”

வடிவாய்ப் பார் என்றேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். விரலை வைத்து வைத்து வாசித்துக் காட்டினாள். கணவனோ மனைவியோ என்றால் பெரும்பாலானவர்களுக்கு வருமான எல்லை கிடையாது. வெல்ஃபெயர் என்கிற அரசாங்க உதவிக்காசு எடுக்கக்கூடாது. வருகிறவரை மூன்று வருடம் பராமரிப்பேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். குசினியில் நின்றபோதும் சுதன் வெல்ஃபெயர் எடுத்தவனில்லை. கலியாணப் படம் கழுவி வந்த அன்றே விண்ணப்பம் போட்டிருக்கலாம்.

நான் அதை நாலு தரம் வாசித்தேன். எத்தனையோ பேருக்கு ஃபோர்ம் நிரப்பிய நான், ஒரு வழிகாட்டியையும் முதல் பக்கத்தில் இருந்து வாசித்ததில்லை. தெரிந்த பெட்டியைத் தேடிப்போய் நிரப்புவேன், அவ்வளவுதான். நிலானி பத்து நிமிடத்தில் வாசித்தாள். மூன்று வருடமாக அவள் மேல்மாடியில்தான் இருந்தாள். ஒரு நாள் கூட அவளைக் கூப்பிட்டு இதைப் பார் என்று கேட்கவில்லை. பிள்ளை எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தவன் நான். அவளுக்கு நன்றாகத் தெரிந்த விசயத்துக்கு ஒரு தடவையாவது அவளைத் தேடிப் போயிருக்கலாம்.

“மாமாவுக்கு நீங்கள் சொல்லுறீங்களா, நான் சொல்லவா?” என்று கேட்டாள். அதை முழுக்கத் தமிழிலேயே கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன்.

4

சொல்கிறேன் என்பது சுகமான வார்த்தை. அன்று பின்னேரம் சுதன் வீட்டுக்கு வந்தான். நான் கராஜுக்குள் போய், ஒரு தேவையும் இல்லாமல் பனி தள்ளுகிற சவள்களை இடம் மாற்றி அடுக்கிக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு போன் எடுத்து, காருக்கு டயர் மாற்றிவிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன். திங்கள் தொழிற்சாலையில் ஒரு லோட் கண்ணாடியைப் பிழையான வண்டியில் ஏற்றிவிட்டேன். இருந்தால் எழும்பவேண்டும் போல, எழும்பினால் நடக்கவேண்டும் போல இருந்தது. சாப்பிடும்போது கூடக் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தது. வசந்தி இரண்டு தரம் அதை மிதித்து நிறுத்தினாள்.

அவளுக்குச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சுகந்திக்கு இப்போது என்ன வயது என்று மட்டும் கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். அவள் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். வயதைக் கேட்டதன் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. முப்பத்தைந்தில் கலியாணம் செய்த ஒரு பெண்ணிடம் இருந்து மூன்று வருடத்தை எடுத்துவிட்டேன். அதை நான் திருப்பிக் கொடுக்க எந்த ஃபோர்மும் இல்லை.

சொல்லாமலே விட்டால் என்ன என்றும் யோசித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று பேப்பரும் கையில் இருக்கிறது, விண்ணப்பத்தைப் போட்டால் அவள் வந்துவிடுவாள், யாருக்கும் ஒன்றும் தெரியவராது. இரண்டு நாள் இந்த யோசனை எனக்கு நல்லதாகவே பட்டது. ஆனால் மேல்மாடியில் இருந்து இறங்கும்போதெல்லாம் நிலானி ஒரு பார்வை பார்ப்பாள். சொல்லிவிட்டீர்களா என்று வாயால் கேட்கவில்லை. அந்தப் பார்வைக்கு என்னால் முகம் கொடுக்க முடியவில்லை.

5

வருடப் பிறப்பு அன்று, எங்கள் வழக்கப்படி தலையில் மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வசந்தியும் நிலானியும் ஒரு காரில். சுதனை ஏற்றிக்கொண்டு நான் வேறு காரில். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம் இருக்கிறது, வழியில் சொல்லிவிடலாம் என்று திட்டம். பெருந்தெருவில் ஏறும்போது சொல்வோம் என்று நினைத்தேன். பிறகு, இறங்கும்போது என்று நினைத்தேன். அவன் புது வேட்டி கட்டி, மேலே குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு, விண்ணப்பம் போட்டு எத்தனை மாதத்தில் விசா வரும், அவளுக்கு இந்தக் குளிர் ஒத்துவருமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். பேஸ்மென்டை விட்டுவிட்டு ஜன்னல் உள்ள வீடாகப் பார்க்கிறானாம்.

கோயிலில் இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்வித்தான். அவளுடைய நட்சத்திரத்தை ஐயர் திரும்பக் கேட்டபோது சத்தமாகச் சொன்னான். நான் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றேன். பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்து காருக்குள் ஏறியதும், திறப்பைப் போட்டு ஸ்டார்ட் பண்ணாமல், முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். பார்க்கிங் மூலையில் பனிக்குவியல் ஒன்று அழுக்கேறிக் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் முழுவதையும் சொன்னேன். லண்டன் தம்பி, அப்பா அம்மாவின் அட்டவணை, நிலானி வாசித்தது, நான் லீவை மறித்தது, எல்லாம்.

“அப்ப முதல் வருசமே போட்டிருக்கலாமா அத்தான்?”

“ஓம்.”

“வந்த கிழமையே?”

“ஓம் சுதன்.”

அவன் கதவைத் திறந்து இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்கிங்கைச் சுற்றி நடந்தான். தெரிந்தவர்கள் யாரோ வாழ்த்துச் சொல்ல, அவர்களுக்குக் கை காட்டினான். இரண்டாம் சுற்றில் ஒரு காரின் பக்கத்தில் நின்று, அதன் கூரையில் கை வைத்தபடி குனிந்தான். அடிக்கட்டும் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒருவன் என்னை அடிக்க வேண்டும் என்று நான் விரும்பியது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து உள்ளே இருந்தான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுகந்தியோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னான். சுகந்திக்குப் பிறகு கலியாணம் முடித்தவளாம். புருஷனுக்கு இங்கே ஒரு டோனட் கடையில் பகுதிநேர வேலைதான். ஒரு வருடத்துக்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டான். அவள்தான் இங்கிருந்து சுகந்திக்குச் சொல்லியிருக்கிறாள், பெண்சாதிக்கு வருமானம் ஒன்றும் கேட்கமாட்டார்கள், உன்ர மனுசன் ஏன் இழுத்தடிக்கிறார் என்று. போன ஆவணியில் சுகந்தி இவனிடம் கேட்டிருக்கிறாள். என் அத்தான் சட்டம் தெரிந்தவர், அந்தப் பொடியனுக்கு ஏதோ அதிர்ஷ்டம் என்று இவன் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாளாம். பிறகு அவள் ஒன்றும் கேட்பதில்லை. இதை அவன் எங்களுக்குச் சொன்னதேயில்லை.

“என்னட்டை ஒருக்காலாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“உங்களைப் பிழை எண்டு சொல்லுற மாதிரி இருக்கும் எண்டு விட்டிட்டன்.”

அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, “அவவுக்கு இதை நீங்கள் சொல்லுங்கோ அத்தான். நான் சொன்னா நம்பமாட்டா” என்றான்.

6

அங்கே இரவு எட்டு மணி ஆகியிருக்கும். என் போனில் இருந்துதான் எடுத்தேன். சுதனின் இலக்கம் என்றால் எடுக்கமாட்டாள். ஆனால் வருடப் பிறப்பும் அதுவுமாய் எடுக்கும் மூத்தவனின் அழைப்பை அவள் தட்டமாட்டாள் என்று தெரியும். இரண்டாம் மணியடிப்பிலேயே எடுத்தாள். புதுவருட வாழ்த்துகள் அண்ணை, மச்சாள் சுகமா, நிலானி படிக்கிறாவா என்று ஒழுங்காகக் கேட்டாள். புருஷனை மட்டும் கேட்கவில்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன்.

“தங்கச்சி, நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்” என்று தொடங்கினேன். சுற்றி வளைக்கவில்லை. பெண்சாதிக்கு வருமானம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன், சுதன் என் பேச்சைக் கேட்டுத்தான் மூன்று வருடம் மாடாய் உழைத்தான், ஊருக்கு வரக் கேட்டபோது மறித்ததும் நான்தான் என்றேன்.  அந்தப் பக்கம், பின்னால் யாருடைய வீட்டிலோ வெடி கொளுத்தினார்கள்.

“அவரைக் காப்பாத்திறதுக்காகச் சொல்லுறியளோ அண்ணை?”

இல்லை என்றேன். இல்லை என்று சொன்னால் மட்டும் எவர் நம்புவார். என் மகள் என்னை இருத்திவைத்து வாசித்துக் காட்டியதைச் சொன்னேன். ஒரு கிழமையாகச் சொல்லாமல் ஒளித்துத் திரிந்ததையும், சொல்லாமலே விட்டுவிட நினைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது சுதன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக ஒருவன் பொய் சொல்லமாட்டான் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். 

“அவர் பக்கத்தில இருக்கிறாரா?”

“ஓம். இருக்கிறான்.”

“மூண்டு வருசமும் அவர் எனக்குச் சொன்னது பொய்யில்லையா?”

“பொய்யில்லை தங்கச்சி. அவனுக்குத் தெரியாது. என்னைத்தான் நம்பினவன்.”

 சுதன் இரண்டு கையாலும் வேட்டியின் கரையைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

“நான் போன ஆவணியில தாலிக்கொடியைக் கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிட்டன் அண்ணை” என்றாள். “அம்மாவுக்குக் கூடத் தெரியாது. கழுத்தை மூடின சட்டையாப் போட்டுக்கொண்டு திரியுறன்.”

 சுதன் கண்ணை மூடிக்கொண்டான்.

“போனை வைச்சிடாதேங்கோ. ஒரு நிமிசம் பொறுங்கோ” என்றாள்.

அவள் நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு அலுமாரி திறபடும் சத்தம். நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு, வைக்காமல் இருந்தோம்.